இலை உதிராத காலம்

சென்ற மாதம் ஏழெட்டுக் கவிதைத் தொகுப்புகளை ஒரே மூச்சில் படிக்க வேண்டி வந்தது. முன்னுரை கேட்டு அனுப்பியவர்கள் பாதி, சும்மா அனுப்பியவர்கள் பாதி. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓர் இலையுதிர் காலம் இருந்தது. காதலி பிரிகிறாள், இலை உதிர்கிறது. அப்பா சாகிறார், இலை உதிர்கிறது. வேலை போகிறது, அப்போதும் உதிர்கிறது. ஒன்றில் 'அக்டோபர்' என்று மாதம் வேறு போட்டிருந்தது. எழுதியவர் கடலூர் மாவட்டத்துக்காரர்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அக்டோபரில் கடலூர் மாவட்டத்தில் எந்த மரம் சார் இலை உதிர்க்கிறது?

நீங்களே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேம்பு உதிர்ப்பது மாசி, பங்குனியில். வாசல் பெருக்கும் பெண்களைக் கேட்டால் தேதியோடு சொல்வார்கள். அரசும் இலவும் தேக்கும்கூடக் கிட்டத்தட்ட அந்தக் கணக்குத்தான். அக்டோபர் என்பது நமக்கு ஐப்பசி. ஐப்பசியில் உதிர்வதாவது! சுவர் இடுக்கில்கூட ஏதாவது முளைத்துக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த வரப்பு பச்சை கட்டி நிற்கும். உலகத்தின் ஒரு பாதி பழுத்துச் சிவந்து கொட்டுகிற மாதத்தில், நம் ஊர் அப்போதுதான் தலைமுழுகி எழுந்து நிற்கிறது.

இந்த இலையுதிர் காலம் நமக்கு இங்கிலீஷ் பாடப் புத்தகத்தோடு வந்தது. 'ஆட்டம்' என்ற சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டியிருந்தது, போட்டார்கள். தப்பில்லை. ஆனால் சொல்லோடு பருவத்தையும் சேர்த்து இறக்குமதி செய்துகொண்டோம். விளைவு என்னவென்றால், ஜப்பானில் மேப்பிள் சிவப்பதைப் பார்க்க டிக்கெட் போடுகிற நம்மவர்களுக்கு, சென்னையிலிருந்து நான்கைந்து மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு ஏரிச்சீமை, தன்னுடைய மிகச் சிறந்த நான்கு மாதங்களை நம் யாருக்கும் தெரியாமல் வருஷா வருஷம் நடத்தி முடித்துவிடுவது தெரிவதில்லை.

அந்தச் சீமையைப் பற்றித்தான் இந்த வாரம். குறிஞ்சிப்பாடி.

ஊரின் பெயரே ஒரு வேடிக்கை. குறிஞ்சி என்று ஆரம்பிக்கிறது. சுற்றிப் பார்த்தால் மலை என்று சொல்லிக்கொள்ள ஒரு மேடு கிடையாது. மேற்கே நெய்வேலியில் நாமே தோண்டிக் குவித்த சுரங்க மண்மேடுகள்தான் மலை. கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். நடுவில் வயல், வயலுக்கு நடுவில் ஏரி. இலக்கணப்படி பார்த்தால் மருதமும் நெய்தலும் கை கோத்து நிற்கும் இடம். ஊருக்குள் கைலி நெய்கிற தறிச் சத்தம். ஆனால் தொல்காப்பியத்தை எடுத்துப் பாருங்கள். குறிஞ்சித் திணைக்கு அவர் கொடுத்திருக்கும் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். அதாவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. மலை இல்லாவிட்டால் என்ன? குறிஞ்சிப்பாடியைப் பார்க்க வேண்டிய காலம் சரியாக அந்த நான்கு மாதம்தான். பெயர் வைத்தவர் இதை நினைத்து வைத்திருக்கமாட்டார். இருந்தாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது.

கூதிர் என்ற சொல்லை நாம் தொலைத்துவிட்டோம் என்று தமிழாசிரியர்கள் வருத்தப்படுவார்கள். முழுக்கத் தொலைந்துவிடவில்லை. தெற்கே போனால் இன்னும் 'கூதல்' அடிக்கிறது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் 'ஊதக்காத்து' என்பார்கள். 'ஊதக்காத்து அடிக்குது, காதைக் கட்டிக்கிட்டுப் போ' என்று ஒரு அம்மா பிள்ளையிடம் சொன்னால், அவள் ஒரு பருவத்தின் பெயரைத்தான் சொல்கிறாள். கவிஞருக்குத்தான் அது காதில் விழவில்லை.

கூதிரை எப்படிப் பார்ப்பது என்பதற்கு நம்மிடம் ஒரு மகத்தான வழிகாட்டி இருக்கிறது. நக்கீரரின் நெடுநல்வாடை. பத்துப்பாட்டில் ஒன்று. கல்லூரியில் தமிழ் படித்தவர்கள் பரீட்சைக்குப் படித்து மறந்திருப்பீர்கள். உரையோடு மறுபடி ஒருமுறை படியுங்கள், ஒரு மழைநாளில்.

அதில் நக்கீரர் செய்கிற காரியம் என்ன? மழை அழகாக இருக்கிறது என்று ஓரிடத்திலும் அவர் சொல்வதில்லை. வெள்ளத்துக்கு ஒதுங்கி மேட்டுக்கு மாடு ஓட்டிய இடையர்கள், பழகிய இடத்தை விட்டு வந்த கடுப்போடு, தீ மூட்டிக் கை காய்கிறார்கள். மாடு மேய மறக்கிறது. குரங்கு நடுங்குகிறது. பறவை கிளையிலிருந்து விழுகிறது. பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைக்கிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு அதே மூச்சில், புதிதாய்ப் படிந்த வண்டலில் கொக்கும் நாரையும் மீனுக்கு நிற்பதையும், நெற்கதிர் முற்றித் தலை சாய்வதையும் காட்டுகிறார். குளிர் ஒருத்தனுக்கு வயிற்றுப்பாடு, இன்னொன்றுக்கு விருந்து. ஊருக்குள் வந்தால் கோடையில் விசிறிய விசிறி சும்மா தொங்குகிறது. சந்தனக்கல் கேட்பாரற்றுக் கிடக்கிறது. எந்தெந்தப் பொருளுக்கு இந்தக் காலத்தில் வேலை இல்லை என்று பார்த்து ஒரு பருவத்தை எழுதுகிற ஆளை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 1819-ல் கீட்ஸ் எழுதிய இலையுதிர் காலக் கவிதைதான் நம் கவிஞர்கள் பலருக்குப் பாட்டன். செப்டம்பர் 19-ஆம் தேதி, விஞ்செஸ்டர் ஊரில், அறுத்து முடித்த வயல் பக்கம் காலார நடந்துவிட்டு வந்து எழுதியது. அரிதாளைப் பார்த்து அந்தப் பையனுக்கு அவ்வளவு சந்தோஷம். உலகத்தரமான கவிதை, சந்தேகமே இல்லை. ஆனால் அதில் பருவமே ஆள் உருவம் எடுத்துக் களத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது, பாதி அறுத்த வயலில் தூங்குகிறது. கூலிக்கு அறுக்கிறவனுக்கு அங்கே தூக்கம் வராது. நக்கீரருடைய இடையர்களுக்கும் வரவில்லை. நமக்கு இரண்டு பேரும் வேண்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் கடலூர் மாவட்டத்து ஐப்பசியை எழுத உட்காரும்போது விஞ்செஸ்டருக்குப் போகாமல் கொஞ்சம் நக்கீரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்பது என் கட்சி.

சரி, ஏரிக்கு வருவோம்.

இந்தப் பக்கத்து ஏரி என்றதும் உங்களில் பாதிப்பேருக்கு ஒரு குதிரை ஞாபகம் வந்திருக்கும். 'பொன்னியின் செல்வன்' 1950-ல் கல்கி பத்திரிகையில் ஆரம்பித்தபோது, வந்தியத்தேவன் குதிரையில் வந்தது வீரநாராயண ஏரிக் கரையில்தான். இன்றைய வீராணம். சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற வழி முழுக்க அதன் கரை கூடவே வரும். முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டியது. ஆடிப் பெருக்கு, தளும்பும் தண்ணீர், எழுபத்து நான்கு கணவாய், சித்திரான்னத்தோடு ஜனக்கூட்டம். தமிழில் ஒரு ஏரிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்ததில்லை.

கல்கி கெட்டிக்காரர். வீராணம் கொள்ளிடத்துத் தண்ணீரில், வடவாறு வழியாக நிரம்புகிற ஏரி. காவிரியில் வெள்ளம் வந்தால் அதற்கு ஆடியிலேயே கல்யாணம். ஆகவே ஆடி சரி. வம்பு எங்கே வருகிறது என்றால், அந்த ஒரு ஆடியை வைத்துக்கொண்டு நாம் இந்தச் சீமையின் எல்லா ஏரிக்கும் ஜாதகம் எழுதிவிட்டோம். கொஞ்சம் வடக்கே நகர்ந்தால் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி. இவை பரவனாற்றின் பிள்ளைகள். பரவனாறு மலையில் பிறந்து வருகிற ஆறு இல்லை. பக்கத்து மேட்டு நிலத்து மழைதான் அதற்கு மூலதனம். மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டிவிடுகிறது. எனவே இந்த ஏரிகளின் சொந்தப் பஞ்சாங்கத்தில் ஆடி கிடையாது. ஐப்பசியில்தான் வயிறு நனையும். கார்த்திகையில் ஊரில் யாரையாவது கேட்டால், "ஏரி கோடி போவுது சார்" என்பார்கள். ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிகிறது என்று அர்த்தம். கோடி ரூபாய் கிடைத்த மாதிரி ஒரு முகத்தோடு சொல்வார்கள்.

பெருமாள் ஏரிக்குக் கடலூர்-சிதம்பரம் சாலையில் ஆலப்பாக்கம் பக்கமிருந்தும் போகலாம், குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்தும் போகலாம். விடியற்காலையில் போங்கள். மார்கழி என்றால் பனி முதலில் ஒன்றும் காட்டாது. சத்தம்தான் முதலில் வரும். பிறகு ஒவ்வொன்றாக. தண்ணீர் முழங்கால் அளவு இருக்கும் ஓரத்தில் நத்தைகுத்தி நாரை. அதன் அலகு மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும், பாக்குவெட்டி மாதிரி, நத்தைக்காகவே செய்தது. சிவப்புக் குச்சிமேல் நிற்பதுபோல நெடுங்கால் உள்ளான். ஆழமான இடத்தில் நீர்க்காகம், முக்குளிப்பான். தாழைக்கோழி ஓடுகிறதா மிதக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்குள் கோரைக்குள் போய்விடும். கிளுவைகள் கூட்டமாய் இறங்கி, நம்மைப் பார்த்ததும் மொத்தமாய் எழும்பும். நீலச்சிறகுக் கிளுவை என்ற அந்தச் சின்ன வாத்து சைபீரியா, மத்திய ஆசியாப் பக்கமிருந்து பனிக்குத் தப்பி வருகிறது. அங்கே இலையுதிர் காலம் என்பதால்தான் அது இங்கே வருகிறது என்பதைக் கவனியுங்கள். நம் ஊருக்கு வந்து சேருகிற ஒரே நிஜமான இலையுதிர் காலம் இந்தப் பறவையின் முதுகில் வருவதுதான்.

சத்திமுற்றப் புலவர் ஒரு நாரையிடம் தன் பெண்டாட்டிக்குச் சேதி சொல்லி அனுப்பினார், ஞாபகம் இருக்கும். தெற்கே குமரி ஆடிவிட்டு வடக்கே திரும்புகிற நாரை அது. பறவைகள் பருவம் பார்த்து வடக்கும் தெற்கும் போய் வருவதைக் குளிரில் நடுங்கிக்கொண்டே ஒரு ஏழைப்புலவர் கவனித்திருக்கிறார். நம் கையில் பைனாகுலர் இருக்கிறது. கவனம்தான் இல்லை.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் ஏரி மாவட்டம் என்று வேர்ட்ஸ்வொர்த் தலையில் வைத்து ஆடினாரே, அந்த ஏரிகளைப் பனிப்பாறை செதுக்கியது. நம்முடையதை மண்வெட்டி செதுக்கியது. ஏரி என்று நாம் சொல்வது கரை. ஒருவன் மண் சுமந்தான், ஒருவன் மதகு வைத்தான், தலைமுறை தலைமுறையாகத் தூர் வாரினான். கோயிலைப் போல, காவியத்தைப் போல இது ஆக்கப்பட்ட பொருள். கோயில் கோபுரத்தைப் பற்றி நூறு புத்தகம் இருக்கிறது. ஏரிக்கரையின் வளைவைப் பற்றி, மதகின் இடத்தேர்வைப் பற்றி ரசித்து எழுதியவர்கள் எத்தனை பேர்? 'இயற்கைக் காட்சி' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுப் பஜ்ஜி சாப்பிடப் போய்விடுகிறோம்.

இயற்கை என்று சொல்வதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க வேண்டுமானால், அதற்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுத் தண்ணீரை ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுரங்கமே குளமாகிவிடும். 1956-ல் நிறுவனம் தொடங்கியது. 1961-ல் கரி கண்ணில் பட்டது. அது முதல் இறைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வருகிறது. சித்திரை வெயிலில் மற்ற ஏரிகள் கட்டாந்தரையாகக் கிடக்கும்போது இங்கே தண்ணீர் மினுங்குவதன் ரகசியம் இதுதான். ஆயக்கட்டுக்காரர்களுக்கு அது வேண்டியும் இருக்கிறது. கூடவே சுரங்க மண்ணும் சாம்பலும் வந்து ஏரி தூர்ந்துபோகிறது என்பது அவர்களுடைய நெடுநாள் புகார். தண்ணீர் வேண்டும், சேறு வேண்டாம். வாங்குகிறவன் பிரித்துக் கேட்கிறான், கொடுக்கிறது கலந்துதான் வருகிறது.

ஆக நீங்கள் மே மாதம் போய் "ஆஹா, என்ன இயற்கை!" என்று வாய் பிளந்தால், பாராட்டு பாதி மோட்டாருக்குப் போய்ச் சேரும். கிண்டலுக்காகச் சொல்லவில்லை. ஒரு சிற்பத்தில் எது பழைய கல், எது சிமென்ட் பூச்சு என்று தெரிந்து பார்ப்பதுதானே ரசனை? வாய்க்கால் ஓரத்தில் இளஞ்சிவப்புப் பூவோடு ஒரு செடி மண்டியிருக்கும், புனல் மாதிரிப் பூ, பார்க்க ஜோராக இருக்கும். தென் அமெரிக்கச் செடி. தமிழ்நாடு முழுக்க நீர்நிலைகளை அடைத்துக்கொண்டு நிற்பது. அதற்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? நெய்வேலிக் காட்டாமணக்கு. ஒரே பெயரில் ஒரு விமர்சனக் கட்டுரையே எழுதிவிட்டார்கள்.

இலக்கியமும் சினிமாவும் இந்த மண்ணைப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் பாவம் வரும். தங்கர் பச்சான் பத்திரக்கோட்டைக்காரர். 'அழகி' 2002-லும் 'ஒன்பது ரூபாய் நோட்டு' 2007-லும் வந்தபோது, பலாவும் முந்திரியும் விளைகிற செம்மண் மேடு முதல்தடவையாக அதன் சொந்த நிறத்தில் திரையில் தெரிந்தது. கண்மணி குணசேகரன் இன்னும் ஒரு படி போய், கதை எழுதியதோடு நிற்காமல் 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று இந்த வட்டாரத்துச் சொற்களையே திரட்டிக் கொடுத்தார். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' ஊருக்கு உழைத்துச் சோறும் தானியமுமாய் வாங்கிப் பிழைக்கிற ஒரு குடும்பத்தை நம் முன் நிறுத்தியது. அதைப் படித்தவன் களத்துமேட்டில் நின்று 'பாரம்பரியம்' என்று வாய் கூசாமல் சொல்லமாட்டான். மூன்று பேரும் எனக்கு வேண்டியவர்கள். ஆனால் மூவருடையதும் பெரும்பாலும் மேட்டு நிலம், காய்ச்சல் நிலம். கிழக்கே சரிந்து இறங்குகிற இந்த ஈரச் சீமைக்கு, ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட சேற்றுக்கு, அப்படி ஒரு ஆள் இன்னும் வரவில்லை என்பது என் குறை. படிக்கிற இளைஞர்கள் யாராவது இருந்தால் காதில் போட்டு வைக்கிறேன்.

எழுத வருகிறவர் அறுவடையிலிருந்து ஆரம்பிக்கலாம். டெல்டாப் பக்கம் குறுவையை ஐப்பசி மழையோடு போராடி அறுப்பார்கள். சம்பாவுக்குத் தைதான். இப்போது கதிர் அரிவாளோடு வரிசை கட்டி இறங்குகிற காட்சியைத் தேடாதீர்கள். பெல்ட் வண்டி வருகிறது, மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஈர வயலில் டயர் வண்டி புதையும், பெல்ட் வண்டிதான் ஓடும். வண்டிக்குப் பின்னாலேயே கொக்குக் கூட்டம் நடந்து போகும், எழும்புகிற பூச்சிக்கும் தவளைக்கும். பார்க்க வேண்டிய காட்சி அது. அறுப்புக்குச் சில நாள் முன்பே, நிற்கிற கதிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவதும் உண்டு. மிச்ச ஈரத்தில் அது முளைத்துக்கொள்ளும். மேலே ஒரு பயிர் முடிகிறது, காலடியில் அடுத்தது தொடங்கிவிட்டது. அறுத்த வயலில் இருளர்கள் வரப்பைத் தோண்டி எலி வளையிலிருந்து நெல்லெடுப்பார்கள். எலி சேர்த்து வைத்ததுதான், ஆனால் நல்ல மணியாகப் பார்த்துச் சேர்த்திருக்கும். பிறகு வாத்துக்காரர்கள். சிந்திய மணிக்கு ஆயிரக்கணக்கான வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராய் வருவார்கள். ஒரு வயலை எத்தனை பேர் அறுக்கிறார்கள் பாருங்கள்.

பண்டிகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் எல்லா ஊரிலும் பொங்கல்தான். இந்தப் பக்கத்துக்கே உரியது தை ஐந்தாம் தேதி ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து சேரும். ஆற்று மணலில் கடை போட்டுச் சுருளிக்கிழங்கு விற்பார்கள். வேறு எப்போது கேட்டாலும் கிடைக்காத கிழங்கு. அடுத்து வடலூரில் தைப்பூசம். ஏழு திரை விலகி ஜோதி தெரிவதைப் பார்க்க லட்சக்கணக்கில் போகிறோம். எனக்குத் தர்மசாலைதான் பெரிய காட்சி. 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அரிசியும் காய்கறியுமாய்க் கொண்டுவந்து இறக்குவார்கள். புது நெல் முதலில் பசித்தவன் இலைக்குப் போகிறது. பயிர் வாடியதைப் பார்த்துத் தானும் வாடிய ஒரு மனிதர் வாழ்ந்த ஊரில் இதுதானே முறை?

அந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவி. 2023 ஜூலை 26-ஆம் தேதி டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றை நிரந்தரமாகத் திருப்பிவிட ஒரு புது வாய்க்கால் வெட்ட வேண்டும். போலீஸ் காவலோடு பொக்லைன்கள் இறங்கின, நின்ற நெற்பயிர் மேலேயே. நிலம் எப்போதோ கையகப்படுத்தியாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது, பயிர் வைத்ததுதான் தப்பு என்றது நிறுவனம். காகிதத்தில் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். அறுவடை வரைக்கும் இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. பிறகு ஆகஸ்டில் ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு என்று உத்தரவானது.

நான் சட்டம் படித்தவனில்லை. ஆனால் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது, நாம் எல்லோரும் 'பச்சைப் பசேல்' என்று பாடிய பாட்டுக்கெல்லாம் என்ன மதிப்பு என்று தோன்றிவிட்டது. பரவனாற்றுக்கு ஒரு கல்கி கிடைக்கவில்லை. ஒரு குதிரை வீரன் அதன் கரையில் வந்ததில்லை. வந்திருந்தால் அதைத் திருப்புவதற்கு முன்னால் நாலு பேர் சென்னையில் கேள்வி கேட்டிருப்பார்கள். வாலாஜாவுக்கும் பெருமாளுக்கும் தண்ணீர் கொண்டுவருகிற ஆறு அது. சென்னைக்காரர்கள் 2004 முதல் வீராணத்துத் தண்ணீரைக் குழாயில் குடிக்கிறோம், ஏறக்குறைய 235 கிலோமீட்டர் தாண்டி வருகிறது. பக்கத்து ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கிற உறவாவது வேண்டாமா?

மழையை ரொமான்டிக்காக நினைத்துக்கொண்டு போகாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. தலைமுறை தலைமுறையாய் நின்ற பலாவும் முந்திரியும் சில மணி நேரத்தில் வேரோடு சாய்ந்தன. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர். பரவனாற்றங்கரை ஊர்கள் தண்ணீரில் நின்றன. நக்கீரரின் இடையர்கள் எந்த மேட்டுக்கு மாடு ஓட்டினார்களோ, அந்த மேடும் சில வருஷங்களில் கிடைப்பதில்லை. குளிர்ந்த காற்றை முகத்தில் வாங்கி நிற்கும்போது கரையில் ஒருவர் நம் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே மேகம். நாம் போட்டோவுக்குப் பார்க்கிறோம். அவர் நெல் பால் பிடிக்கிற நேரமாயிற்றே என்று பார்க்கிறார்.

போன தையில் குறிஞ்சிப்பாடியிலிருந்து திரும்புகிற வழி. சாயங்காலம். ரோட்டின் ஒரு பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள் என்பதால் களத்தில் காய்வது போதாமல் தார் ரோட்டுக்கு வந்துவிடும். சரிந்த வெயில் அதன்மேல் விழுந்து, கண்ணுக்கெட்டிய வரை ரோடே பொன்னாக இருந்தது. காரை நிறுத்தி இறங்கிவிட்டேன். ஒரு பெரியவர் காலாலேயே நெல்லைக் கிளறி வரி வரியாக இழுத்துக்கொண்டு வந்தார். கடற்கரை மணலில் அலை போட்ட கோடு மாதிரி அவ்வளவு சீராக. அவர் சம்சாரம் ஓரத்தில் உட்கார்ந்து தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். கிழக்கே லேசாகக் கறுத்திருந்தது.

நான் செல்போனை எடுத்துக்கொண்டு அப்படியும் இப்படியும் கோணம் பார்ப்பதைப் பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"மெட்ராஸுங்க."

"போட்டா புடிக்கணும்னா புடிச்சிக்க. நெல்லு மேல மட்டும் செருப்புக் கால வைக்காத."

கழற்றி வண்டிக்குள் போட்டேன். அதற்குள் அந்த அம்மா வானத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "இந்தா, நீயும் அந்த முனையப் புடிய்யா" என்று தார்ப்பாயின் ஒரு மூலையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.